அண்ணாச்சி நோட்டில் நம் பக்கம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பொருளாக உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் லாரிச் செலவு, மொட்டை மாடி ஒழுகல் என்று ஒன்றரை மணி நேரம் பேசி எல்லோரும் களைத்துப் போயிருக்கிறீர்கள். சமோசா வேறு ஆறிக்கொண்டிருக்கிறது. செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். நேரம் முடிந்தால் கவுண்டரை மூடிவிடுவேன், பயப்பட வேண்டாம்.

விஷயம் நம் கேட்டுக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடையைப் பற்றியது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தி உண்மைதான். அண்ணாச்சி கடையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார். பொங்கல் வியாபாரம் வரை இருப்பார். தை பிறந்து நாலைந்து நாளில் கட்டட உரிமையாளரிடம் சாவியைக் கொடுத்துவிடுவார். அந்தக் கட்டடத்தை இடித்து பிளாட் கட்டப் போகிறார்கள். குரூப்பில் பதினேழு பேர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். ஒருவர், "இனி ராத்திரி ஒன்பதரை மணிக்கு கறிவேப்பிலைக்கு எங்கே போவது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நேரம் கேட்டு வாங்கினேன்.

போன புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் கூட்டம் இருக்காது. சரக்கு பாதி காலியாகிவிட்டது. மேல் தட்டில் வரிசையாக இருந்த தகர டின்களைக் கீழே இறக்கி வைத்திருந்தார். அவை இருந்த இடத்தில் சுவரில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். உத்தரத்திலிருந்து தொங்கும் நூல் கண்டு மட்டும் அப்படியே இருந்தது. மூலையில் பழைய தராசு, எடைக்கற்கள், ஒரு படி, ஓர் ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று நம் வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது தெரியுமா என்று தெரியவில்லை. அந்தப் படி அவர் மாமா கொடுத்ததாம், அளப்பதற்கு இல்லை, சும்மா வைத்திருக்கிறார். சுவரில் எலக்ட்ரானிக் தராசுக்கான முத்திரைச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அந்தத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும் என்பது விதி. இன்னும் சில வாரத்தில் மூடப் போகிற கடை, ஆனாலும் இந்த வருஷத்து முத்திரை போட்டிருக்கிறது. "மூடுற நாள் வரைக்கும் எடை சரியா இருக்கணும்லா சார்" என்றார்.

அண்ணாச்சிக்கு ஊர் உடன்குடி பக்கம். நாம் கார்த்திகைக்கு வாங்கும் கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். பதினாலு வயதில் சைதாப்பேட்டையில் மாமா கடைக்கு வேலைக்கு வந்திருக்கிறார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் கடையிலேயே, மூட்டைகளுக்கு நடுவே. சம்பளம் கைக்கு வராது. மாமா கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்குத் துணி, ஊருக்குப் போகும்போது கைச்செலவு, அவ்வளவுதான். ஒன்பது வருஷம் கழித்து மாமா கணக்கு பார்த்து மொத்தத் தொகையையும் கொடுத்து, கொத்தவால் சாவடியில் மொத்த வியாபாரி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய், "இவன் நம்ம பையன், சரக்கு கொடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினைந்து நாள் கடனில் சரக்கு கிடைத்தது. அதை வைத்துத்தான் நங்கநல்லூரில் இந்தக் கடையை வைத்தார். நம் அபார்ட்மென்ட் கட்டுவதற்கு முன்பே வந்த கடை அது. இங்கே அஸ்திவாரம் தோண்டிய கொத்தனார்கள் அவருடைய முதல் வாடிக்கையாளர்கள்.

தென் மாவட்டத்திலிருந்து வந்து சென்னை முழுக்கத் தெருவுக்குத் தெரு கடை வைத்தவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் வரலாறு. கம்பெனி கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, ஆனால் ஒருவர் இன்னொருவரைக் கைதூக்கிவிடும் ஏற்பாடு இருந்தது. விருதுநகரில் வியாபாரிகள் மகமை என்று வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்தது அந்த க்ஷத்திரிய வித்யாசாலாவில்தான். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியதும் இப்படிப்பட்ட நம்பிக்கையின் மேல்தான். 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. வங்கிக்காரன் என்பதால் இதைச் சொல்கிறேன். ஒருவரை ஒருவர் நம்பிக் கடன் கொடுக்கும் பழக்கம் முதலில் வந்தது. வங்கி பிறகுதான் வந்தது.

ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டேன். ஆப்பில் பத்து நிமிடத்தில் சாமான் வருகிறதே, அதனால்தானே என்று நான் நினைத்திருந்தேன். அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. "வியாபாரம் கொறஞ்சிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா சூப்பர் மார்க்கெட் வந்தப்பவும் இதேதான் சொன்னாங்க" என்றார். மூட்டு வலி ஒரு காரணம். கடைக்குப் பையன்கள் வருவதில்லை, அது பெரிய காரணம். "இப்ப ஊர்ல எல்லாப் பயலும் படிக்கான். நல்லதுதான சார்? நான் வந்த மாதிரி எவனும் வரக்கூடாது" என்றார். அவர் மகன் பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மகள் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். இருவரையும் இந்தக் கல்லாப் பெட்டிதான் படிக்க வைத்தது. பிள்ளைகள் மூட்டை தூக்கக் கூடாது என்றுதான் அவர் மூட்டை தூக்கினார். அந்த வேலை முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அதனால் நாமும் ஒப்பாரி வைக்க வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லாவுக்குக் கீழே நீளமான சிவப்பு அட்டை நோட்டு ஒன்று இருக்கும், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பற்று நோட்டு. பிளாட் நம்பர் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். "எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வருவோம். பி.காம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது இரட்டைப் பதிவு முறை கணக்கு இல்லை. வவுச்சர் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனால் அதில் ஒரு தப்பு இருந்ததாக இந்தத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வங்கியில் கடன் கொடுப்பதற்கு முன்னால் ஐந்து விஷயம் பார்க்கச் சொல்வார்கள். ஆளுடைய குணம், திருப்பிக் கட்டும் வசதி, சொந்த முதல், அடமானம், சந்தை நிலவரம். அண்ணாச்சி முதல் ஒன்றை மட்டும் பார்த்தார். ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு வீட்டில் மாதம் 6,000 ரூபாய்க்குப் பற்று எழுதி, மாதக் கடைசியில் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். சராசரியாக எந்த நாளிலும் 3,000 ரூபாய் அவர்களிடம் நிற்கும். நாற்பது வீடு என்றால் 1,20,000 ரூபாய். 12 சதவீத வட்டி போட்டால் வருஷத்துக்கு 14,400 ரூபாய். இந்த வட்டியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. நூறு ரூபாய் சரக்கில் எட்டோ பத்தோ நின்றால் பெரிது என்கிற வியாபாரம் அது.

அந்த நோட்டு மூன்று முறை நம்மைத் தாங்கியது. புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம். நம் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏ.டி.எம். இல்லை. நகரத்தில் சில இடங்களில் பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றதாகப் பத்திரிகைகளில் படித்தோம். அண்ணாச்சி மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் பாக்கெட்டில் அச்சடித்த விலைக்குத்தான் கொடுத்தார். கையில் காசு இல்லாதவர்களுக்கு எழுதிக்கொண்டார்.

2016 நவம்பர் 8. ராத்திரி எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அப்போது நான் சர்வீஸில் இருந்தேன். 10-ம் தேதி கவுண்டரைத் திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. மாற்றிக்கொள்ள ஆளுக்கு 4,000 ரூபாய்தான். புது 2,000 ரூபாய் நோட்டு வந்தது, அதற்குச் சில்லறை எங்கும் இல்லை. பணத்தையே தொழிலாகக் கொண்ட நாங்கள், சொந்தப் பணத்தைக் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு மளிகைக் கடைக்காரர், "சில்லறை வரும்போது கொடுங்க" என்று சொல்லிச் சாமானைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் முழுக்க இந்த அபார்ட்மென்ட் அடுப்பு அந்த நோட்டை நம்பித்தான் எரிந்தது.

மூன்றாவது, 2020 ஊரடங்கு. ஏப்ரலில் மளிகைக் கடைகள் காலை ஆறு மணி முதல் மதியம் ஒரு மணி வரைதான். கடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார். பிள்ளைகள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்க, இங்கே தனியாக இருந்த பெரியவர்கள் வெளியே வர முடியவில்லை. சீட்டை போட்டோ எடுத்து அனுப்பினால் பை கேட்டுக்கு வந்துவிடும். பணம் எப்போது என்று கேட்கவில்லை.

இந்த நோட்டில் இப்போது என்ன நிலைமை என்று கேட்டேன். "கொடுக்க வேண்டியது எல்லாத்தையும் கொடுத்தாச்சு சார். சாவடில ஒருத்தருக்கும் ஒரு ரூவா பாக்கி கெடையாது. வர வேண்டியதுதான் கொஞ்சம் கெடக்கு" என்றார். எவ்வளவு என்றேன். கூட்டிப் பார்க்கவில்லை என்றார். கூட்டிப் பார்க்காத கணக்கு என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். நான் கூட்டித் தரட்டுமா என்றேன். ரொம்ப யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். எந்த வீட்டு நம்பரையும் வெளியே சொல்லக் கூடாது. ஒப்புக்கொண்டேன். ஆகவே இங்கே யாரும் நாற்காலியில் நெளிய வேண்டாம். எந்த நம்பரும் என் வாயிலிருந்து வராது.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கூட்டினேன். பாக்கி நிற்கும் பக்கங்கள் 31. மொத்தம் 1,38,460 ரூபாய். இதில் 9 பக்கம் இங்கே வாடகைக்கு இருந்து காலி செய்து போனவர்களுடையது, 42,245 ரூபாய். மீதி 22 பக்கம் இன்று இங்கே குடியிருப்பவர்களுடையது, 96,215 ரூபாய். சில பக்கங்களில் 180, 240 என்று இருக்கிறது. சிலவற்றில் ஐந்து இலக்கம். பழைய பதிவு 2019-ல் நிற்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். நம் செக்யூரிட்டிகளுக்கும், பெருக்கித் துடைக்க வரும் பெண்களுக்கும் நோட்டின் கடைசியில் தனிப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூடப் போன மாதத்துப் பாக்கி இல்லை.

வேண்டுமென்றே யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாதிப் பேர் ஆப்புக்கு மாறினார்கள், கடைப் பக்கம் போவது நின்றது, பக்கம் அப்படியே கிடந்தது. சில வீடுகளில் கணக்கு பார்த்து வந்த பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகளுக்கு நோட்டு இருப்பதே தெரியாது. அண்ணாச்சியும் கேட்க மாட்டார். "கேட்டா மூஞ்சியப் பாக்க முடியாம வேற வழியா சுத்திப் போவாங்க சார்" என்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், சரக்கு விற்ற கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டுமே ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பதும் சட்டம். ஆக, கோர்ட்டில் அந்த நோட்டு நிற்பது கஷ்டம். நம் தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல் இருக்கிறது. அந்த நோட்டு நிற்பதும் நிற்காததும் அதைப் பொறுத்தது.

இன்னொரு செய்தி. இரண்டு தெரு தள்ளி சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவர் மீதிச் சரக்கையும், ராக்கையும், ஃப்ரிட்ஜையும் விலைக்கு எடுத்துக்கொள்கிறார். அவர் நோட்டையும் கேட்டிருக்கிறார். பாக்கியில் பாதித் தொகையை இப்போதே ரொக்கமாகத் தருகிறேன், வசூலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. வங்கிகள் வாராக்கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்பதுண்டு. 2002-ல் வந்த சட்டம் அதற்கு வழி செய்தது. அதனால் எனக்கு இது வினோதமாகப் படவில்லை. நல்ல விலைதான், கொடுத்துவிடுங்கள் என்றுகூடச் சொன்னேன். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டார். "அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள கணக்கு சார். முன்ன பின்ன தெரியாத ஆளு போய் அவங்க வாசல்ல நின்னு கேக்கலாமா? அசிங்கமாப் போயிரும்லா."

அறுபத்தொன்பதாயிரம் ரூபாயை அவர் வேண்டாம் என்றார். நம் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக. ஊருக்குப் போகும் அன்று நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போவாராம். தன் மகன் கையில்கூட அது போகக் கூடாது என்கிறார்.

பி.காமில் நற்பெயர் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வியாபாரத்தை விற்கும்போது கட்டடம், சரக்கு போக, அதன் பெயருக்கும் ஒரு விலை போடுவார்கள். இங்கிலாந்தில் எல்டன் பிரபு என்கிற நீதிபதி 1810-லேயே அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்கிற வாய்ப்புதான் நற்பெயர் என்று. சராசரி லாபம், உயர் லாபம் என்று அதற்குக் கணக்கு முறைகள் எல்லாம் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் விலை கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் ஐந்தொகையில் காட்டலாம். தானாகச் சம்பாதித்ததைக் காட்டக் கூடாது. அண்ணாச்சி நாற்பது வருஷம் சம்பாதித்தது இந்த இரண்டாவது வகை. இடமே இடிந்து போகப் போகிறது. அந்த நற்பெயர் எங்கேயாவது இருக்கிறது என்றால் நம்மிடம்தான் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று. மார்கழி முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் நேரில் போய், "எங்க பக்கத்தைப் பாருங்க அண்ணாச்சி" என்று கேளுங்கள். பாக்கி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களும் போங்கள். எல்லோரும் போனால்தான் பாக்கி உள்ளவர்கள் கூச்சமில்லாமல் போக முடியும். உங்கள் பக்கம் எப்படி சார் என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் வந்த மறுநாளே என் மனைவி கணக்கை முடித்துவிடுவார். அந்த வீட்டில் எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் நான் போய்க் கேட்டுவிட்டேன்.

இரண்டு. காலி செய்து போன ஒன்பது குடும்பங்களின் போன் நம்பர் வீட்டு உரிமையாளர்களிடம் இருக்கும். அண்ணாச்சி கடை மூடுகிறது, ஒரு போன் செய்து பேசுங்கள் என்று மட்டும் எல்லாப் பழைய குடித்தனக்காரர்களுக்கும் பொதுவாகச் செய்தி அனுப்புங்கள். பாக்கி என்ற வார்த்தை வேண்டாம். புரிந்துகொள்வார்கள்.

மூன்று. ஒரே தொகையாகச் சங்க நிதியிலிருந்து கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்லலாம். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். ஒழுங்காகக் கொடுத்தவர்களின் பராமரிப்புப் பணம் அது. அண்ணாச்சியும் அதை வாங்க மாட்டார். அவரவர் பக்கத்தை அவரவர்தான் முடிக்க வேண்டும். பொன்னாடை, நினைவுப் பரிசும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான்கு. தை மாதத்துக்குப் பிறகு நம் வயதானவர்களுக்கு யார் சாமான் வாங்கித் தருவது? போனில் ஆர்டர் போடத் தெரியாத, கண் பார்வை மங்கிய, தனியாக இருக்கும் பெரியவர்கள் எட்டு வீடுகளில் இருக்கிறார்கள். இதுவரை பால்கனியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். உப்பு கம்மியா இருக்கிற ஊறுகாய் எது, எந்த மாமிக்கு எந்தக் காபித்தூள் என்பதெல்லாம் அண்ணாச்சிக்கு மனப்பாடம். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு இளைஞர்கள் வாரத்துக்கு ஒரு நாள் இந்த வீடுகளின் சீட்டை வாங்கி ஆர்டர் போட்டுக் கொடுக்க முன்வர வேண்டும். பெயர் கொடுப்பதற்கு நோட்டு ஒன்றை வாசலில் மேஜை மேல் வைத்திருக்கிறேன். அதுவும் சிவப்பு அட்டை நோட்டுதான், அண்ணாச்சி கடையில் வாங்கியது. காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

கடை காலை ஆறரைக்குத் திறக்கிறது, ராத்திரி பத்துக்கு மூடுகிறது. நடுவில் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டு நேரம். ரொக்கமாகவும் கொடுக்கலாம், கல்லா மேல் ஸ்கேன் செய்யும் அட்டையும் இருக்கிறது. பணம் கொடுத்ததும் உங்கள் பக்கத்தின் குறுக்கே அவர் ஒரு கோடு போடுவார். அதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சமோசா சாப்பிடலாம்.